எழுத்து ஏறாத பிள்ளை: பெற்றோர் கேட்க வேண்டியது



பிள்ளை காய்ச்சலில் படுத்தால் அன்று மாலையே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அதே பிள்ளைக்கு மூன்று வருஷம் பள்ளிக்குப் போயும் எழுத்து ஏறவில்லையென்றால் டாக்டர் நினைவு நமக்கு வருவதில்லை; பிரம்புதான் நினைவுக்கு வருகிறது. "மக்கு" என்கிறோம். "விளையாட்டுப் புத்தி" என்கிறோம். தம்பி வீட்டுப் பிள்ளையைக் காட்டி ஏசுகிறோம். இது பெரிய தவறு என்பதை நான் பிறர் சொல்லிக் கற்கவில்லை. என் வீட்டிலேயே கற்றேன். அதனால்தான் பெரிய படிப்பில்லாத கடைக்காரனாகிய நான் இந்த விஷயத்தை எழுதத் துணிந்தேன்.

என் இரண்டாவது மகன் எட்டு வயதில் கடைக்கு வந்து உட்காருவான். பத்து வெள்ளி நோட்டை நீட்டி ஆறு வெள்ளி முப்பது காசுக்குச் சாமான் வாங்கினால், நான் கணக்குப் பார்க்குமுன் "மூணு எழுபது" என்று சொல்லிவிடுவான். ஆனால் டப்பாவில் ஒட்டியிருக்கும் பெயரைப் படிக்கச் சொன்னால் விழிப்பான். நிறத்தைப் பார்த்துத்தான் சாமானை எடுப்பான். மதரஸாவிலும் அப்படியே. ஹஜ்ரத் ஓதக் கேட்டால் நீண்ட சூராவைக்கூடத் தப்பில்லாமல் ஒப்பிப்பான். கிதாபைத் திறந்து இது பேயா தேயா என்று கேட்டால் தெரியாது. "அத்தா, சொல்லிக் கொடுங்க, திருப்பிச் சொல்றேன். பார்த்தாத்தான் வரமாட்டேங்குது" என்று அவனே எத்தனையோ முறை சொன்னான். இத்தனை கெட்டிக்காரன் படிக்காமலிருந்தால் அது திமிர்தான் என்று முடிவுகட்டி நான் அடித்தேன். பள்ளியில் கேட்டபோது, "சோம்பல்தான், போகப் போகச் சரியாகிவிடும்" என்றார்கள். அப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

பிறகு பரிசோதனையில் தெரிந்தது, அவனுக்கு டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறை. பார்வையும் செவியும் சரியாக இருந்தன. புத்தியும் நன்றாகவே இருந்தது. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலை மட்டும் அவன் மூளைக்குக் கடினமாக இருந்தது.

இது இன்று புதிதாகக் கண்ட நோயன்று. 1896ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர், பெர்சி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். கணக்கில் அவனுக்குக் குறையில்லை. பாடத்தையெல்லாம் வாயால் சொல்லிக் கொடுத்தால் பள்ளியிலேயே முதல்வனாக இருப்பான் என்று அவனுடைய உபாத்தியாயர் கருதினார். எழுத்தை மட்டும் அவனால் படிக்க முடியவில்லை. அந்த விவரத்தைக் கேட்டபோது என் மகனைப் பற்றியே எழுதியது போலிருந்தது.

கண்ணுக்குத் தெரியாத குறை

பிரிக்ஃபீல்ட்ஸில் நடப்பவர்கள் வெள்ளைக் கோல் ஊன்றிச் செல்வோரை நாள்தோறும் பார்க்கிறோம். 1951ஆம் ஆண்டில் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்ற பிள்ளையை நாம் எவரும் சோம்பேறி என்பதில்லை. விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைக் கொடுத்தால் படித்துக்கொள்வான் என்று நமக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் குறைக்கு இரக்கப்படுகிறோம். தெரியாத குறைக்கு அடிக்கிறோம். டிஸ்லெக்சியா, ஆட்டிசம், ஓரிடத்தில் கவனம் நிற்காத குறை, வயதுக்கேற்ற வளர்ச்சி வராத தாமதம், ஒரு காது மட்டும் மந்தமாயிருத்தல், இவையெல்லாம் முகத்தில் எழுதியிருப்பதில்லை. பரிசோதித்தால்தான் தெரியும்.

கடையில் சரக்கை நிறுக்காமல் விலை சொல்வோமா? பிள்ளையை மட்டும் பரிசோதிக்காமலே "இவ்வளவுதான் இவன்" என்று சொல்லிவிடுகிறோம்.

முதலில் வீட்டில் கவனிக்க வேண்டியது

நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலாயும் ஆங்கிலமும், மதரஸாவில் அரபு எழுத்து. ஆகவே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழை நன்றாகப் படித்து மலாயில் மட்டும் தடுமாறினால், அது பெரும்பாலும் பழக்கக் குறைவாக இருக்கலாம். தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி, மலாய் எழுத்தும் தலைகீழாகி, அரபில் புள்ளியும் குழம்பி, எல்லா எழுத்திலும் தடுமாறினால், பரிசோதனை கேட்பதில் தாமதம் கூடாது. டாக்டரிடம் போகும்போது, வீட்டில் பேசுவது எந்த மொழி, பிள்ளைக்கு நன்றாக வருவது எந்த மொழி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலாயில் கேட்ட கேள்வி விளங்காமல் விழித்த பிள்ளையை, புத்தி குறைந்த பிள்ளையென்று எழுதிவிடக் கூடாதல்லவா?

சிறு குழந்தைகளுக்குப் பள்ளி வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் பதினெட்டாவது மாதத்தில் ஆட்டிசத்துக்கான கேள்விகளைத் தாயிடம் கேட்கிறார்கள். கூப்பிட்டால் திரும்பவில்லை, முகம் பார்க்கவில்லை, பேச்சு வரவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். "அவங்க அத்தாவும் நாலு வயசுலதான் பேசினாரு" என்று மாமியார் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

எங்கே, எப்படிக் கேட்பது?

முதலாவது, வகுப்பாசிரியரைப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் குறைநீக்கல் ஆசிரியர் இருந்தால் அவரையும் பாருங்கள். வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுங்கள். மலாய் தெரிந்த மூத்த பிள்ளையைக் கொண்டு எழுதலாம். விஷயம் இவ்வளவுதான்:

"என் மகன் தங்கள் பள்ளியில் இரண்டாம் ஆண்டில் படிக்கிறான். எழுத்துகளை அடையாளம் காண்பதிலும் வாசிப்பதிலும் அவனுக்குத் தடை இருப்பதை ஓராண்டாக வீட்டில் கவனித்து வருகிறோம். வகுப்பாசிரியர் கவனித்ததை எழுத்தில் தந்து, அவனுக்குச் சிறப்புக் கல்வித் தேவை உண்டா என்று பரிசோதிக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

தேதி போட்டு, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோரே உள்ளூராட்சியிடம் பரிசோதனை கேட்கலாம். பரிசோதிப்பதா இல்லையா என்று ஆறு வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இங்கே நாம்தான் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு போய் நினைவூட்ட வேண்டும். கடனுக்குக் கொடுத்த சாமானைக் குறித்து வைக்கிற நமக்கு இது தெரியாத வேலையா?

இரண்டாவது, பள்ளியின் பதிலுக்காகக் காத்திராமல் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் பார்த்து, தேவையானால் அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் தருவார். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும், தலைநகரில் கோலாலம்பூர் மருத்துவமனையும் நமக்குத் தெரிந்தவையே. முதலில் கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தவணை கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் இன்றே கேளுங்கள் என்கிறேன். பிள்ளையின் நோட்டுப் புத்தகங்கள், பரீட்சைத் தாள்கள், ஆசிரியரின் குறிப்பு எல்லாவற்றையும் கையோடு கொண்டு போக வேண்டும்.

மூன்றாவது, சான்று கிடைத்த பின் சிறப்புக் கல்விக்கு விண்ணப்பம். கிள்ளானில் மாவட்டக் கல்வி அலுவலகத்திலும், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்தவர்கள் பங்சார்-பூடு வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் விசாரிக்கலாம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறப்புக் கல்விக்கு இடம் வகுத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு விதிகளின்படி டாக்டர், கண் பரிசோதகர், செவிப் பரிசோதகர், உளவியல் நிபுணர் ஆகியோரில் அந்தந்தக் குறைக்கு உரியவர் சான்று தரலாம். பிள்ளையை மூன்று மாதத்துக்கு மேற்படாமல் சேர்த்துப் பார்க்கும் தவணையும் அந்த விதிகளில் உண்டு. தனிச் சிறப்புப் பள்ளி, சாதாரணப் பள்ளியிலேயே சிறப்பு வகுப்பு, மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தல் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. பிள்ளைக்கு எது பொருந்தும் என்று கேட்டு முடிவு செய்யலாம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்ற கொள்கை 2019ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. "இங்கே இடமில்லை" என்று யாராவது சொன்னால், அதையும் எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

வீட்டார் சொல்லும் தடை

பரிசோதனை என்றவுடன் வீட்டில் எழும் முதல் பேச்சு, "பெயர் கெட்டுவிடும்" என்பது. பெண் பிள்ளையாக இருந்துவிட்டால், "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்?" என்பார்கள். சமூகநல இலாகா தரும் மாற்றுத் திறனாளி அட்டையை நினைத்தே பலர் பின்வாங்குகிறார்கள். அந்த அட்டை நாமாக மனுச் செய்து பெறுவது. யாரும் வலிந்து திணிப்பதில்லை. பரிசோதனைக்குப் போனால் என்ன குறை, எவ்வளவு குறை, என்ன உதவி என்று தெரியும். அதன் பின் அட்டை வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கலாம். சான்று இருந்தால் அரசாங்கப் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கவும் வழியுண்டு. ஊராருக்குப் பயந்து ஒளித்து வைத்தால், நாலு பேர் அறியாமலிருப்பது ஒருபுறமிருக்க, பிள்ளைக்கு வேண்டிய உதவியும் வராது. தனக்குப் புத்தியில்லை என்று அவனே நம்பத் தொடங்கிவிடுவான். அந்த நம்பிக்கையை மாற்றுவது எழுத்துக் கற்பிப்பதைவிடக் கஷ்டம்.

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காதால் கேட்டு ஒப்பிக்கிற பிள்ளை, பார்த்து ஓதுவதில் மட்டும் தொடர்ந்து தடுமாறினால், தயவுசெய்து பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பள்ளியில் கூட்டத்தில் தெரியாதது உங்கள் பாயில் முதலில் தெரியலாம்.

என் மகன் இப்போது இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம். மெதுவாகப் படிக்கிறான், விரல் வைத்துத்தான் படிக்கிறான், ஆனால் படிக்கிறான். கடைப் பலகையைத் தானே படித்துக் காட்டிய நாளை நான் மறக்க மாட்டேன். இன்னொன்றையும் மறக்க முடியவில்லை. மேல் தட்டிலிருந்து சாமான் எடுக்க நான் கையை உயர்த்தினால், அவன் இன்றும் ஒரு அடி பின்னால் நகர்கிறான். அந்த இரண்டு வருஷத்தை நான் எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு அந்தக் கடிதத்தை எழுதுங்கள்.