கல்லாமேசைக்கு ஏற்றது எது? நம்பர் பேடா, மேக்ரோ பேடா?

கார்பன் தாள் வைத்த பில் புத்தகம் இருந்த இடத்தில் இன்று பெரும்பாலான கடைகளில் லேப்டாப் இருக்கிறது. இட நெருக்கடிக்கு அது வசதிதான். ஆனால் சிறிய லேப்டாப்புகளில் எண்களுக்கென்று தனிப் பகுதி இல்லை. மேல் வரிசையில் ஒன்று முதல் பூஜ்யம் வரை நீளமாக இருக்கும் பட்டன்களைத் தேடித் தேடித் தட்ட வேண்டியுள்ளது. கூட்ட நேரத்தில் இதனால் பில் தாமதமாகிறது, தவறும் நேர்கிறது.

இதற்குத் தீர்வாகக் கம்ப்யூட்டர் கடைகளில் இரண்டு கருவிகளைக் காட்டுகிறார்கள். ஒன்று வயர்லெஸ் நம்பர் பேட், மற்றொன்று மேக்ரோ பேட். இரண்டும் உள்ளங்கை அளவே உள்ளவை. பார்வைக்கும் ஒன்றுபோல் இருப்பவை. ஆனால் செய்யும் வேலை வேறு. நமது வியாபாரத்துக்கு எது பொருந்தும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

நம்பர் பேட் என்பது பெரிய கீபோர்டின் வலது ஓரத்தில் உள்ள எண் பகுதியைத் தனியே பிரித்து எடுத்தது போன்றது. எந்தப் பட்டனை அழுத்துகிறோமோ அந்த எண் மட்டுமே விழும்.

மேக்ரோ பேட் என்பது மூன்று, ஆறு, ஒன்பது அல்லது பன்னிரண்டு பட்டன்கள் கொண்டது. ஒவ்வொரு பட்டனும் என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே முன்கூட்டிப் பதிவு செய்து வைக்கலாம். ஒரு பட்டனைத் தட்டினால் சரக்கின் குறியீட்டு எண்ணும் அதைத் தொடர்ந்து என்டரும் விழும்படி செய்யலாம். லேபிள் அடிக்கும் எலக்ட்ரானிக் தராசில் கத்தரிக்காய்க்கு ஒரு பட்டன், தக்காளிக்கு ஒரு பட்டன் என்று வைத்திருப்போமே, அதே முறைதான்.

ஆயக்குடி மண்டியும் பழநி அடிவாரமும்

நம் பக்கத்து வியாபாரங்கள் இரண்டை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

ஆயக்குடியில் கொய்யா வரத்து உள்ள நாளில் மண்டிக் கணக்கு எழுதுபவரின் வேலையைப் பாருங்கள். சரக்கு ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு விவசாயியின் எடையும் வேறு. தரத்துக்குத் தரம் விலையும் வேறு. கமிஷனும் கூலியும் கழித்து வரும் தொகையும் வேறு. ஒரு வரியில் உள்ள எண் அடுத்த வரியில் அப்படியே வருவது அரிது. இங்கே மேக்ரோ பேடுக்கு வேலை மிகக் குறைவு. நல்ல நம்பர் பேட் ஒன்றே போதும். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் கமிஷன் கடைகளுக்கும் இதுவே பொருந்தும்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பழநி மலை அடிவாரத்துக் கடை ஒன்றை நினைத்துப் பாருங்கள். விபூதி பாக்கெட், பஞ்சாமிர்தம், கற்கண்டு, கற்பூரம் என்று அளவும் விலையும் நிலையான பத்துப் பன்னிரண்டு சரக்குகளே திரும்பத் திரும்ப விற்கும். தைப்பூசம், பங்குனி உத்திரக் கூட்டத்தில் ஒரே பில்லை நூறு முறை போட வேண்டியிருக்கும். இங்கே எண் தட்டும் வேலை குறைவு. சரக்கைத் தேர்ந்தெடுக்கும் வேலையே அதிகம். இக்கடைக்கு மேக்ரோ பேடே உதவும்.

மளிகைக் கடை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சோப்பு, பிஸ்கட்டுக்கு பார்கோடு உண்டு. துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய் வற்றல், வெல்லம் போன்ற சில்லறைச் சரக்குக்கு அது இல்லை. எடையும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே மளிகைக்காரர் முதலில் நம்பர் பேட் வாங்குவதே முறை. பார்கோடு இல்லாத சரக்குகள் மிக அதிகம் விற்கும் கடையானால், சரக்கை அழைக்க ஒரு சிறிய மேக்ரோ பேடைப் பின்னர் இடப்பக்கம் சேர்த்துக்கொள்ளலாம்.

நம்பர் பேட் வாங்கும்போது

முதலாவது, எண்களின் வரிசை. நம்பர் பேடில் மேல் வரிசை 7, 8, 9. அமெரிக்காவில் 1914ஆம் ஆண்டு வாக்கில் வந்த சண்ட்ஸ்ட்ராண்ட் கூட்டல் இயந்திரத்திலிருந்து கால்குலேட்டர் வரை இதே வரிசை. பட்டன் வைத்த தொலைபேசி 1963ல் விற்பனைக்கு வந்தபோது, மேல் வரிசையில் 1, 2, 3 வைக்கப்பட்டது. நமது செல்போனும் கார்டு தேய்க்கும் இயந்திரமும் அவ்வழியே வந்தவை. செல்போனில் பழகிய பணியாளர் பார்க்காமல் தட்டினால் 170 ரூபாய் 710 ஆகிவிடும். நடு வரிசை 4, 5, 6 இரண்டிலும் ஒன்றே என்பதால், தவறு எப்போதும் நேராது. சில பில்களில் மட்டும் நேரும். ஆகவே கண்டுபிடிப்பதும் கடினம். புதிய பணியாளருக்கு ஒரு வாரம் பழைய பில்களைத் தட்டிப் பழக விடுங்கள். 5ஆம் எண்ணில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, தூக்கம். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக வயர்லெஸ் பேட் சிறிது நேரம் சும்மா இருந்தால் தானே அணைந்துவிடும். அடுத்துத் தட்டும் பட்டன் அதை எழுப்பும். சிலவற்றில் எழுப்பும் அந்த முதல் எண் பில்லில் விழுவதில்லை. 125 என்று தட்டினால் 25 மட்டும் ஏறும். நூறு ரூபாய் நமக்கு நஷ்டம். எனவே கடையில் பெட்டியைத் திறந்து, பேடைப் பத்து நிமிடம் தொடாமல் வைத்து, பிறகு தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, நம்லாக். சில சிறிய லேப்டாப்புகளில் பேடின் நம்லாக்கை அழுத்தினால் லேப்டாப்பின் எழுத்துப் பட்டன்கள் சிலவும் எண்களாக மாறிவிடும். சரக்கின் பெயரை அடித்தால் நடுவே எண் விழும். உங்கள் லேப்டாப்பையே எடுத்துச் சென்று பொருத்திப் பாருங்கள்.

லட்சக்கணக்கில் எழுதும் மொத்த வியாபாரிகளுக்கு இரட்டைப் பூஜ்யப் பட்டன் உள்ள பேட் வசதி. மேசை நகராத கடைக்கு வயர் உள்ள பேடே போதும். அதற்குப் பேட்டரிச் செலவும் இல்லை, தூக்கமும் இல்லை. லேப்டாப்பில் ஏற்கெனவே எண் பகுதி இருந்தால் எதையும் வாங்கத் தேவையில்லை.

மேக்ரோ பேட் வாங்கும்போது

பதிவுகள் பேடுக்குள்ளேயே தங்குமா, கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளில் தங்குமா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது வகையில் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தால் பதிவும் போய்விடும். பேடுக்குள்ளேயே தங்கும் வகையே கடைக்கு ஏற்றது.

அடுத்து, மேக்ரோ பேடுக்குக் கண் கிடையாது. கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கேயே தட்டிவிடும். சரக்கு எண் 105 என்று பதிவு செய்த பட்டனை, கர்சர் எண்ணிக்கைக் கட்டத்தில் நிற்கும்போது அழுத்தினால் 105 பாக்கெட் என்று பில் விழும். மேலும், அது மனித விரலைவிட வேகமாகத் தட்டும். பழைய கம்ப்யூட்டர் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காமல் ஓரிரு எழுத்துகளை விட்டுவிடலாம். பதிவில் தட்டுதலுக்கு இடையே சிறு இடைவெளி வைக்கச் சொல்லுங்கள்.

மிக முக்கியமானது: விலையையும் வரி விகிதத்தையும் பட்டனில் பதிவு செய்யாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், சோப்பு, பற்பசை, ஷாம்பு, பிஸ்கட் மீதானது 18லிருந்து 5 ஆகவும் குறைந்தது. விலையைப் பட்டனிலேயே வைத்தவர் ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தாலும் வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்கியவராவார். கணக்கிலும் சிக்கல் வரும். பட்டனில் சரக்குக் குறியீடு மட்டும் இருக்கட்டும். விலையும் வரியும் பில் மென்பொருளில் ஒரே இடத்தில் இருக்கட்டும். பாஸ்வேர்டை ஒருபோதும் பட்டனில் வைக்கக் கூடாது. கல்லாவைத் தொடும் எவரும் அதை அழுத்தலாம்.

டாலி பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரசீதுக்கு எஃப்-6, விற்பனைக்கு எஃப்-8, கொள்முதலுக்கு எஃப்-9, சேமிக்க கன்ட்ரோலும் ஏ-யும் என்று ஒரு தட்டில் முடியும் வசதி அதிலேயே உண்டு. அதற்காக மட்டும் மேக்ரோ பேட் வாங்குவது வீண் செலவு.

வாங்கும் முன் ஒரு பயிற்சி

நேற்றைய பில்களில் ஐம்பதை எடுங்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். எடை அல்லது விலையைக் கையால் தட்டிய வரிகளை முதல் பத்தியிலும், சரக்கை மட்டும் தேர்ந்தெடுத்த வரிகளை இரண்டாவதிலும் கோடு போட்டு எண்ணுங்கள். பார்கோடில் ஏறியவற்றை விட்டுவிடுங்கள். முதல் பத்தி பெரிதானால் நம்பர் பேட். இரண்டாவது பெரிதாகி, அதிலும் பத்துப் பன்னிரண்டு சரக்குகளே திரும்பத் திரும்ப வந்தால் மேக்ரோ பேட். இரண்டிலும் கோடுகள் குறைவானால் இருப்பதே போதும்.

செலவுக்கு ஈடான பலன் உண்டா என்பதையும் பார்க்கலாம். நாளொன்றுக்கு 150 பில், பில்லுக்கு 6 வரி என்றால் 900 வரி. வரிக்கு 2 விநாடி மிச்சமானால் 1,800 விநாடி, அதாவது அரை மணி நேரம். கூட்ட வேளையில் அந்த அரை மணியில் எத்தனை வாடிக்கையாளர் காத்திராமல் போவார்கள் என்பதை நாம் அறிவோம்.

எதை வாங்கினாலும் முதல் ஒரு வாரம் ஒவ்வொரு பில்லின் மொத்தத் தொகையையும் வாய்விட்டுச் சொல்லி வாடிக்கையாளரிடம் கொடுங்கள். பட்டன் செய்யும் தவறு ராத்திரி கல்லா எண்ணும்போது தெரிவதைவிட, அவர் எதிரில் நிற்கும்போதே தெரிவது நமக்கு நல்லது.