விண்முகிலில் அமோனியா

பால்மரத் தோட்டத்தில் பணிபுரிவோர்க்கு அமோனியாவின் நெடி புதியதன்று. மரப்பால் உறைந்துவிடாமல் காப்பதற்கு அதனைச் சேர்க்கின்றனர். அதே பாலை ஆலையில் உறைய வைப்பதற்குப் பார்மிக் அமிலம் பயன்படுகிறது. இவ்விரண்டும் மனிதன் ஆலையில் ஆக்கியவை மட்டுமே என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆனால், விண்மீன்கள் பிறக்கும் முகில்களிலும் இவை இருக்கின்றன. 1968-ஆம் ஆண்டில் சார்லஸ் டவுன்சு என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும் வானொலித் தொலைநோக்கியின் துணையால் விண்வெளியில் அமோனியாவைக் கண்டனர். சில ஆண்டுகளில் பார்மிக் அமிலமும் அங்கே கண்டறியப்பட்டது.

பங்குனி மாதத்தில், பெரட்டுக்குப் புறப்படும் விடியற்பொழுதில் தென்திசை வானத்தை நோக்குக. தேள் வடிவில் விருச்சிகமும், அதன் நடுவே செந்நிறமான கேட்டை மீனும் தோன்றும். கேட்டைக்குக் கிழக்கே பால்வீதியின் வெண்மை ஆங்காங்கே கறுத்துக் கிடக்கும். அக்கருமை வெற்றிடமன்று, பின்னாலுள்ள மீன்களின் ஒளியை மறைத்து நிற்கும் முகிலேயாகும். அப்பகுதியில், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத சிறு முகில் ஒன்றன் பெயர் பர்னார்டு 68. தந்தையின்றி வறுமையில் வளர்ந்து, பத்து வயதுக்கு முன்பே நிழற்படக் கூடமொன்றில் கூலி வேலைக்குச் சென்ற எட்வர்டு பர்னார்டு என்பவர், பின்னாளில் வானியல் அறிஞராகி, 1919-இல் வெளியிட்ட இருண்ட முகில்களின் பட்டியலில் இஃது இடம்பெற்றது.

இம்முகில் நமக்கு ஏறத்தாழ 500 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல ஒளிக்கே ஏறக்குறைய அரை ஆண்டு வேண்டும். இத்தகைய அடர்ந்த முகிலை முகிற்கரு என்பர். அடர்ந்தது என்றதும் பாறை போன்றது என எண்ணிவிடலாகாது. இதன் நடுவில் ஒரு கன செண்டிமீட்டருக்குச் சில இலட்சம் மூலக்கூறுகளே உள்ளன. நாம் மூச்சு விடும் காற்றிலோ, அதே அளவு இடத்தில் இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் உள! விண்வெளி முற்றும் வெறுமை என்று வகுப்பறையில் நானும் மாணவர்க்குச் சொன்னதுண்டு. அது முழு உண்மையன்று என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

முகிற்கருவின் குளிரோ மிகக் கொடிது. சுழியத்துக்குக் கீழே 263 பாகை செல்சியஸ். இக்குளிரில் முகிலின் பெரும்பகுதியான ஹைட்ரஜன் வாயு நமக்கு எந்தச் செய்தியையும் அனுப்புவதில்லை. ஆகவே, அறிஞர்கள் கார்பன் மோனாக்ஸைடை நாடினர். லாரிப் புகையிலுள்ள நச்சு வாயு இதுவே. இது தனக்கே உரிய வானொலி அலையை வெளியிடும். ஆனால், பர்னார்டு 68-இன் நடுவை நோக்கியபோது அவ்வலை எதிர்பார்த்த அளவு வரவில்லை. நடுவிலே வாயு இல்லையோ?

வாயு இருந்தது, கார்பன் மோனாக்ஸைடுதான் உறைந்து போயிருந்தது. மங்கில் எஞ்சிய பால் அடியில் ஒட்டுப்பாலாகப் படிவதை நாம் அறிவோம். அதுபோல அம்மூலக்கூறுகள் நுண்ணிய தூசுகளின்மேல் பனியாக ஒட்டிக்கொள்கின்றன. நைட்ரஜனிலிருந்து பிறக்கும் அமோனியா மேலும் சிறிது காலம் வாயுவாகவே நீடிக்கிறது. எனவே, முகிலின் புறப்பகுதியைப் பற்றி ஒரு வாயு சொல்கிறது. உட்பகுதியைப் பற்றி மற்றொன்று சொல்கிறது. அமோனியாவின் அலைகளை ஒப்பிட்டு அங்குள்ள குளிரையும் அளக்கலாம்.

வாயு நகர்கிறதா என்பதை எங்ஙனம் அறிவது? லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு நம்மை நெருங்கும்போது ஒலி கூர்மையாகவும், கடந்து சென்றபின் தணிந்தும் கேட்கிறதன்றோ? வானொலி அலையும் அவ்வாறே மாறும். இம்முறையில் ஆராய்ந்தபோது, பர்னார்டு 68-இன் புறப்பகுதி மூச்சு விடுவதுபோல் மெல்ல விரிந்து சுருங்குவதாகத் தெரிய வந்தது. அதன் உள் அழுத்தமும் ஈர்ப்பு விசையும் ஏறத்தாழச் சமநிலையில் நிற்கின்றன.

சமநிலை குலைந்தால் என்னாகும்? ரோகிணி மீன் விளங்கும் ரிஷப மண்டலத்தில் எல் 1544 என்றொரு முகிற்கரு உண்டு. அங்கே வாயு, விநாடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் வேகத்தில் நடுவை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது. விண்மீன் இன்னும் பிறக்கவில்லை. 2012-இல் ஹெர்ஷல் என்னும் விண்தொலைநோக்கி அங்கே நீராவியைக் கண்டது. அந்நீர் பூமியின் கடல்களைப் போல் 2000 மடங்குக்கும் மேல். பனியாக உறைந்துள்ள நீர் அதனினும் மிகப் பெரிது. சிலி நாட்டிலுள்ள அல்மா தொலைநோக்கியைக் கொண்டு செய்து 2022-இல் வெளியான ஆய்வு, அக்கருவின் நட்ட நடுவில் அமோனியாவும் இறுதியில் உறைந்துவிடுவதைக் காட்டியது.

அங்ஙனம் உறைந்த பனியெல்லாம் விண்மீன் பிறக்கும்போது எரிந்தொழிவதில்லை. ஒரு பகுதி புதிய விண்மீனைச் சுற்றும் தட்டில் சேர்ந்து வால்மீன்களில் தங்கிவிடுகிறது எனக் கருதுகின்றனர். 1997-இல் வானில் வெறுங்கண்ணுக்கே தெரிந்த ஹேல்-பாப் வால்மீனை மூத்த அன்பர்கள் சிலர் பார்த்திருக்கக்கூடும். அதன் வாயுவை ஆராய்ந்தவர்கள் அமோனியாவையும் கண்டனர். பார்மிக் அமிலத்தையும் கண்டனர்.