ஒரு மரத்தோடு ஓர் ஆண்டு
(பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதற்கான பாடம்)

கோயிலுக்குப் போனால் தல விருட்சத்தையும் வலம் வந்து வணங்குவது எமது மரபு. மதுரையிலே கடம்பு, காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலிலே மா, திருவானைக்காவிலே வெண்ணாவல், மன்னார் திருக்கேதீச்சரத்திலே வன்னி. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததும் தில்லை மரத்தால்தான். அந்த மரத்தின் பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு செய்யும். நிழலும் கனியும் தரும் மரங்களை மட்டும் எம் முன்னோர் போற்றவில்லை என்பது இதனால் விளங்கும்.

நற்றிணையின் 172ஆம் பாடலில் ஒரு புன்னை மரம் வருகிறது. சிறுமிகள் மணலில் அழுத்தி விளையாடிய விதை முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி அதை வளர்க்கிறார்கள். அது உங்கள் உடன்பிறந்தாள் என்று தாய் சொல்லி வைக்கிறாள். பிற்காலத்தில் அந்த மரத்தின் கீழ் தலைவனோடு சிரித்துப் பேசத் தலைவிக்கு நாணமாக இருக்கிறது. கையால் வளர்த்ததாலும் தாய் முறை சொன்னதாலும் வந்த உறவு அது.

இலண்டனில் வாழும் நாம் இங்குள்ள மரங்களை அந்நிய மரங்கள் என்று எண்ணிக் கடந்து போகிறோம். ஆனால் தெருவோரங்களில் நிற்கும் இலண்டன் பிளேன் மரம், அமெரிக்க இனம் ஒன்றும் கிழக்கு மத்தியதரைப் பகுதி இனம் ஒன்றும் கலந்து பிறந்தது. பூங்காக்களில் நிற்கும் ஹோர்ஸ் செஸ்நட் மரத்தின் தாயகம் போல்கன் நாடுகள். இவையும் வெளியிலிருந்து வந்து இந்த மண்ணிலே வேர் விட்டவையே.

ஆகவே, ஒவ்வொரு குடும்பமும் வீட்டுக்கு அருகில் ஒரு மரத்தைத் தெரிவு செய்யட்டும். செய்யவேண்டியவை:

1. பெயரை அறிக. பிளேன் மரத்தின் பட்டை திட்டுத் திட்டாக உரியும். உருண்டைக் காய்கள் குளிர்காலத்திலும் தொங்கும். ஹோர்ஸ் செஸ்நட் இலை, விரித்த கைவிரல்கள் போல ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள் கொண்டது.

2. அளந்து எழுதுக. நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி நூல் பிடித்து அளவுங்கள். திறந்த வெளியில் நிற்கும் பல மரங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர் பருக்கும் என்பது இந்நாட்டில் வழங்கும் ஒரு பொதுக்கணக்கு. சுற்றளவு 150 சென்ரிமீற்றர் என்றால் வயது ஏறத்தாழ 60. இனத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப இது கூடிக் குறையும்.

3. மாதம் ஒருமுறை சென்று பார்க்க. செஸ்நட் மரத்தில் வசந்தத் தொடக்கத்தில் பிசுபிசுப்பான மொட்டு, மே மாதத்தில் மெழுகுதிரி ஏற்றியது போன்ற வெள்ளைப் பூங்கொத்து, செப்ரெம்பரில் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் கொட்டை. இந்தக் கொட்டையை உண்ணக்கூடாது. கண்டதைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள்.

4. உதவுக. புதிதாக நட்ட தெருமரங்கள் முதற் சில கோடைகளிலே தண்ணீரின்றி வாடுகின்றன. வெயில் நாட்களில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றலாம். ஆணி அடிப்பதும் பட்டையைக் கீறுவதும் வேண்டாம்.

5. முறை சொல்லுக. அம்மம்மா, தாத்தா உடன் வந்தால் அவர்கள் ஊரில் அறிந்த மரங்களைப் பற்றிக் கேளுங்கள். ஒரு மரத்தடியில் நின்றால் இன்னொரு மரத்தின் கதை தானாக வரும்.

கணக்கு எழுதுவது எமது தொழில். ஆனால் ஊரில் எமது முற்றத்தில் நின்ற வேம்பின் சுற்றளவை நாம் ஒருநாளும் அளந்ததில்லை. அதன் கீழ் படுத்தோம், படித்தோம், அதன் பூவை வடகத்தில் போட்டுச் சாப்பிட்டோம். யார் நட்டது என்று அப்பாவிடம் கேட்கவும் இல்லை. என்றும் அங்கே நிற்கும் என்று நினைத்தோம். வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று அதைத் திரும்பிப் பார்த்ததாகவும் ஞாபகம் இல்லை. இன்று எம் பிள்ளைகள் "அந்த மரம் எவ்வளவு பெரிசு அப்பா?" என்று கேட்டால், இரு கைகளையும் விரித்துக் காட்டுவதைத் தவிர வேறு விடை எம்மிடம் இல்லை.

எம் பிள்ளைகளும் நாளை எந்த ஊருக்குப் போவார்களோ தெரியாது. எங்கே போனாலும், தாம் வளர்ந்த தெருவில் நின்ற ஒரு மரத்தின் பெயரும் வயதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

பயிற்சி: வரும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது, உங்கள் மரத்தின் பெயர், சுற்றளவு, கண்ட திகதி ஆகிய மூன்றையும் எழுதி எடுத்து வாருங்கள். அடுத்த ஆண்டு இதே மாதம் மறுபடியும் அளப்போம்.