ஜாக்கெட் பிறகு, முதலில் தலையணை உறை

தையல் கற்றுக்கொள்ள உட்காருகிறவர்களுக்கு முதல் நாளே ஜாக்கெட் தைத்துவிட வேண்டும் என்றுதான் ஆசை. தையல்கூலி போகிற போக்கில் அந்த ஆசையில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஜாக்கெட்டில் நேராக ஓடும் தையலே குறைவு. கழுத்து வளைவு, கை வளைவு, டாட், கொக்கிப் பட்டி என்று எல்லாமே கை பழகியவர்களின் வேலை. தையல்கடையில் சேரும் பையனிடம் யாரும் முதல் நாள் கத்தரிக்கோலைக் கொடுப்பதில்லை. காஜா எடுக்கவும் பட்டன் கட்டவும்தான் உட்கார வைப்பார்கள். வீட்டிலும் படிப்படியாகத்தான் போக வேண்டும்.

மிஷினைப் புதிதாக வாங்க அவசரப்படாதீர்கள். மேலே துணிமூட்டையைச் சுமந்துகொண்டு கூடத்தின் மூலையில் நிற்கும் கறுப்பு மிதி மிஷின் போதும். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு கொடுத்த இலவச மிஷின்களிலும் சில இப்படித்தான் மேஜையாகிவிட்டன. மோட்டார் மிஷின் புதியவரின் கையை முந்திக்கொண்டு ஓடும். மிதி மிஷினில் வேகம் உங்கள் காலில் இருக்கிறது.

நாள்பட நின்ற மிஷினைத் தூசி தட்டி, எண்ணெய்த் துளைகளில் இரண்டிரண்டு சொட்டு மிஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாளடைவில் பிசினாக இறுகி மிஷினையே பிடித்துக்கொள்ளும். எண்ணெய் விட்டதும் பழந்துணி ஒன்றில் சிறிது நேரம் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் தையலே கறையோடு விழும்.

இப்போது நூல் கோக்காமல் மிதிக்கப் பழகுங்கள். சக்கரத்தின் மேல்பக்கம் உங்களை நோக்கி வர வேண்டும். கையால் சக்கரத்தை முன்பக்கம் தள்ளிவிட்டு, குதிகாலும் முன்காலுமாக மாற்றி மாற்றி அழுத்துங்கள். சக்கரம் பின்னோக்கிப் போனால் உடனே நிறுத்திவிடுங்கள். நூல் கோத்த பிறகு இப்படிப் போனால் சிக்கல்தான். கால் பழகியதும் கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து, நூலில்லாத ஊசியால் கோட்டின்மேலேயே ஓட்டுங்கள். காகிதம் ஊசியை மழுக்கும் என்பதால் இதற்குப் பழைய ஊசியே போதும்.

அடுத்தது நூல். காட்டனுக்கும் பாப்ளினுக்கும் 14-ஆம் எண் ஊசி, மெல்லிய சேலைத் துணிக்கு 11, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. ஊசியில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் காதுக்குள் நுழைய வேண்டும். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூலை நன்றாக இறக்கி, மேலும் கீழும் ஏறி இறங்கும் கொக்கியில் மாட்டி, கடைசியாக ஊசிக்கு வாருங்கள். பிறகு மேல்நூலைப் பிடித்தபடி சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் அடியில் இருக்கும் பாபின் நூல் மேலே வரும். இரண்டு நூலையும் பாதத்துக்கு அடியில் பின்பக்கமாக இழுத்துவிட்டு, முதல் நாலைந்து தையல் விழும்வரை விரலால் பிடித்திருங்கள்.

காடா துணியில் ஓட்டிப் பாருங்கள். துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். அடியில் இருக்கும் பல் அதைத் தானே நகர்த்தும். இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதி ஒடியும். ஊசியையே முறைத்துப் பார்த்தால் தையல் கோணலாகும். ஊசியிலிருந்து அரை இன்ச் தள்ளித் தட்டின்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, துணியின் ஓரம் அந்த டேப்பை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் மேல்நூலுடையது: டென்ஷன் தட்டுக்குள் அது சரியாக இறங்கியிருக்காது. மாறாக, அடிநூல் மேல்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் இறுக்கம் அதிகம். தையல் விழாமல் இடையிடையே தாண்டினால் ஊசி மழுங்கியிருக்கும், அல்லது திருப்பி மாட்டப்பட்டிருக்கும். எந்தக் கோளாறானாலும் முதலில் மேல்நூலை முழுக்க உருவி மறுபடி கோத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஊசியை மாற்றுங்கள். இரண்டுக்கும் சரியாகாவிட்டால்தான் டென்ஷன் திருகைத் தொட வேண்டும். பாபின் கேஸின் குட்டித் திருகை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

இனி தலையணை உறை. 17க்கு 27 இன்ச் தலையணை என்று வைத்துக்கொள்வோம். துணியை வெட்டுமுன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள், காட்டன் சுருங்கும். வேண்டிய துண்டு அகலம் 18 இன்ச், நீளம் 62 இன்ச். முன்பக்கத்துக்கு 27, பின்பக்கத்துக்கு 27, தலையணை வெளியே வராமல் உள்ளே மடியும் வாய்க்கு 6, இரு முனை மடிப்புக்கும் சேர்த்து 2. கோடு போட மார்க்கிங் சாக் இல்லையென்றால் தேய்ந்த சோப்புச் சில்லு போதும். துணி வெட்டும் கத்தரியைக் காகிதத்துக்கு எடுக்க வீட்டில் யாரையும் விடாதீர்கள்.

குறுகிய முனை இரண்டையும் உள்பக்கமாகக் கால் இன்ச், பிறகு முக்கால் இன்ச் என்று மடித்து அடியுங்கள். துணி இப்போது 60 இன்ச். நல்ல பக்கம் மேலே தெரிய விரியுங்கள். ஒரு முனையிலிருந்து 6 இன்ச்சில் கோடு போடுங்கள். மறுமுனையைத் தூக்கி வந்து அந்தக் கோட்டோடு சேர்த்து வையுங்கள். மிச்சமுள்ள 6 இன்ச்சை அதன்மேல் மடித்துப் போடுங்கள். இரு பக்க ஓரங்களையும் குண்டூசியால் பிடித்து, அரை இன்ச் விட்டு அடியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் பின்னோக்கித் தைத்தால் பிரியாது. ஓரத்தை ஒட்டி இன்னொரு தையல் போட்டுவிட்டால் துவைக்கும்போது நூல் பிசிராது. திருப்பினால் உறை தயார்.

அடுத்தது சிறுமிக்கு எலாஸ்டிக் பாவாடை. இடுப்பளவைப் போல இரண்டு மடங்கு அகலம். வேண்டிய உயரத்தோடு மேலே ஒன்றரை இன்ச், கீழே இரண்டு இன்ச் கூட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தை மூட்டி, மேல் மடிப்பில் எலாஸ்டிக் நுழையச் சிறிது இடம் விட்டு, மேலும் கீழும் மடித்து அடித்து, இடுப்பைவிட இரண்டு இன்ச் குறைவான எலாஸ்டிக்கை ஊக்கில் மாட்டி நுழைத்து, முனைகளைச் சேர்த்துத் தைத்து, விட்ட இடத்தை மூடினால் முடிந்தது.

ஜாக்கெட் ஆசை இதற்குப் பிறகும் இருந்தால், உங்களுக்குச் சரியாக நிற்கும், ஆனால் சாயம் போன ஜாக்கெட் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு தையலாகப் பிரியுங்கள். எந்தத் துண்டோடு எது சேர்ந்திருந்தது என்று சாக்கால் எண் போடுங்கள். டாட்டைப் பிரிக்குமுன் அதன் இரு கோடுகளையும் நுனியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு துண்டுகளை இஸ்திரி போட்டுச் செய்தித்தாளில் வைத்து வரைந்து, ஓரத்தில் உள்ளே மடிந்திருந்த துணியையும் சேர்த்து வெட்டுங்கள். முதல் ஜாக்கெட்டை ஏதாவது பழைய வேட்டியில் வெட்டித் தையுங்கள். விலை கொடுத்து வாங்கிய துணி, அந்த ஜாக்கெட் கைக்கு ஏறுகிறதா, கழுத்து இறங்குகிறதா என்று பார்த்த பிறகு.