சளிக்குப் பிராந்தி: யார் சொன்னது?

மழைக்காலம் பிறந்தால் போதும், இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடும். "ஒரு ஸ்பூன் பிராந்திய வெந்நீர்ல கலந்து குடுங்க, சளி கரைஞ்சிடும். எங்க புள்ளைங்களுக்கெல்லாம் அப்படித்தான் குடுத்தோம்." பாட்டிகள் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். படித்த அப்பாக்களே என் அறைக்கு வந்து எந்த பிராண்டு நல்லது என்று கேட்கிறார்கள்!

சளி கரையாது. ஆல்கஹாலுக்கு அப்படி ஒரு குணமே கிடையாது. உடம்பும் சூடாகாது. தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரிவதால் தொட்டால் கதகதப்பாகத் தெரியும். அந்த வழியாகவே உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். "ஆனா குடுத்ததும் நல்லா தூங்குச்சே டாக்டர்?" தூங்கவில்லை அம்மா, மயங்கிக் கிடந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 5 மில்லி ஸ்பூனில் சுமார் 1.7 கிராம். 5 கிலோ எடையுள்ள கைக்குழந்தைக்கு அது போனால், 100 மில்லி ரத்தத்தில் 45 முதல் 50 மில்லிகிராம் வரை ஏறலாம். வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. அதாவது போலீஸ்காரர் ஊதச் சொன்னால் மாட்டிக்கொள்ளப்போவது ஓட்டுகிற அப்பா இல்லை, மடியில் இருக்கிற பிள்ளை. இதுவும் மருந்து ஸ்பூனுக்கான கணக்கு. குழம்பு ஊற்றும் ஸ்பூனில் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த வயதில் மூளைக்குள் என்ன நடக்கிறது? கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தொடங்கி இரண்டு வயது வரை மூளை அசுர வேகத்தில் வளர்கிறது. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சமிக்ஞை அனுப்பித்தான் இணைப்புகளைக் கட்டிக்கொள்கின்றன. சமிக்ஞையே வராத அணு, தனக்கு இங்கே வேலை இல்லை என்று தன்னையே அழித்துக்கொள்ளும். இயற்கை வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஆல்கஹால் அந்தச் சமிக்ஞைகளைத்தான் அடக்குகிறது: நரம்பைத் தூண்டும் குளூட்டமேட் வழியை அடைக்கிறது, அடக்கும் காபா வழியை முடுக்கிவிடுகிறது. வேலை இருக்கிற அணுக்களும் இல்லை என்று நினைத்துச் சாகின்றன. ஜான் ஓல்னி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் எலிக்குட்டிகளிடம் இதைக் காட்டினார்கள். அவர்கள் கொடுத்தது பெரிய அளவு என்று வாதாடலாம். 2006-இல் ஓல்னியின் குழு சுண்டெலிக் குட்டிகளிடம் அளவைக் குறைத்துப் பார்த்தது. 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் அளவு, அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். அதற்கே அணுக்கள் செத்தன. மேலே போட்ட கணக்கை இன்னொரு முறை பாருங்கள்.

"எலிக்கும் எம்புள்ளைக்கும் என்ன சம்பந்தம்?" சரி, எலியை விடுங்கள். கைக்குழந்தையின் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு குறைவு. புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலையை ஆல்கஹால் நிறுத்திவிடும். ஏற்கெனவே சளியால் பால் குடிக்காத பிள்ளை என்றால் சர்க்கரை இறங்கி, வலிப்பு வரைக்கும் போகலாம்.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பிராந்தியும் இதே கதைதான். ரத்தத்தில் உள்ள அளவு அப்படியே தாய்ப்பாலிலும் இருக்கும். பால் ஊறும் என்பதும் பொய். தாய் குடித்த பிறகு குழந்தை குடிக்கும் பால் குறைகிறது என்று பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையம் 1991-இலேயே சொல்லிவிட்டது. கர்ப்பிணிக்கு "பீர்தானே" என்கிறவர்களுக்கு: 5 சதவீத பீர் 650 மில்லி பாட்டிலில் இருக்கும் ஆல்கஹால் 60 மில்லி பிராந்தியில் இருப்பதைவிட அதிகம். நஞ்சுக்கொடி ஆல்கஹாலைத் தடுக்காது. 1973-இல் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் கர்ப்பத்தில் குடித்த தாய்மாரின் குழந்தைகளுடைய முகக் குறிகளை, சின்னக் கண்கள் உட்பட, விவரித்தார்கள். முகத்தில் ஒன்றுமே தெரியாமல் கணக்கும் ஞாபகமும் மட்டும் அடிபட்ட பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு நம் வகுப்பறைகளில் கிடைக்கும் பெயர் மக்கு.

வளர்ந்த பிள்ளைகளும் தப்புவதில்லை. காலேஜ் பையன் "நைட்டு நடந்தது ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்று சிரித்தால், அது மறதி இல்லை. நினைவைப் பதிக்கிற ஹிப்போகாம்பஸ் அந்த நேரம் வேலை செய்யவில்லை. பதியாததை எங்கே தேடுவது? வீட்டிலேயே கொஞ்சம் ஊற்றிக் கொடுத்துப் பழக்கினால் பிள்ளை அளவோடு நிற்கும் என்ற நாகரிக நம்பிக்கையையும் 2018-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு உடைத்துவிட்டது.

இன்னொன்று, கேட்கிறவர்கள் சலித்தாலும் நான் விடாமல் சொல்வது. லேபிளைப் படியுங்கள். பிள்ளை பெற்றவளுக்குத் தரும் தசமூலாரிஷ்டத்தில் தானாக ஊறிய ஆல்கஹால் இருக்கிறது. பாட்டிலில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மதுபாட்டிலில் குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்று இருக்கிறது, கர்ப்பிணியைப் பற்றி ஒரு வரி வேண்டாமா? பிரான்சில் 2007 முதல் கர்ப்பிணிப் படம் போட்டுக் கோடு கிழித்தோ, எச்சரிக்கை வரி எழுதியோதான் விற்கிறார்கள். டாஸ்மாக் விற்கும் மாநிலத்தில் ஒரு படம் அச்சடிக்க முடியாதா?

அப்படியானால் சளிக்கு என்னதான் செய்வது? மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, அடிக்கடி பால். மூச்சு வாங்கினாலோ பால் மறுத்தாலோ ஆஸ்பத்திரி. ஏற்கெனவே பிராந்தி கொடுத்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். திட்டுவோம், பரவாயில்லை. மறைத்தால், துவண்டு கிடக்கும் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சலோ என்று முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுப்போம். சொன்னால் முதல் வேலையாகச் சர்க்கரையைப் பார்ப்போம்.