பூட்டி வைத்த எடைக்கல்

கடையில் ஒரு கிலோ அரிசி வாங்குகிறோம். தராசு சரிதானா என்னும் ஐயம் எழுந்தால் அதிலுள்ள அரசு முத்திரையைத் தேடுகிறோம். முத்திரையிட்ட ஆய்வாளர் தம்மிடமுள்ள எடைக்கல்லைக் கொண்டு அத்தராசைச் சோதித்திருப்பார். அந்த எடைக்கல்லைச் சோதித்தது அதனினும் நுட்பமான மற்றொரு கல். இவ்வாறு படிப்படியாக மேலேறினால், புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் 57 என எண்ணிடப்பட்ட ஓர் உலோக உருளையைக் காண்போம். அதற்கும் மேலே ஒன்று உண்டு. பாரிஸ் நகரை அடுத்த செவ்ர் என்னும் ஊரில் காக்கப்படும் மூல உருளை அது. அதைச் சோதிக்க உலகில் வேறு கல் இல்லை. 2019ஆம் ஆண்டுவரை கிலோகிராம் என்பதன் பொருளே அந்த உருளைதான்.

இந்த ஏற்பாட்டின் வேர் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் உள்ளது. அன்றைய பிரான்சில் ஊருக்கு ஊர் அளவைகள் வேறுபட்டன. ஒரே பெயருடைய அளவையும் ஓரிடத்தில் பெரிதாகவும் மற்றோரிடத்தில் சிறிதாகவும் இருந்தது. தானியமாக வாரம் செலுத்திய உழவர்க்கு நிலக்கிழாரின் கையிலிருந்த அளவுகலனே சட்டமாயிற்று. 1789இல் மக்கள் எழுதியனுப்பிய குறைமனுக்களில், நாடு முழுமைக்கும் ஒரே அளவை வேண்டும் என்னும் கோரிக்கையும் இடம்பெற்றது. அளவை எவருக்கும் உரியதாக இருத்தல் கூடாது. இயற்கையிலிருந்தே அதை எடுக்கவேண்டும் என அறிஞர்கள் முடிவு செய்தனர். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் எனப்பட்டது.

அத்தொலைவைக் கணக்கிட, 1792இல் தெலாம்பர், மெஷேன் என்னும் வானியலாளர் இருவர் டன்கர்க் முதல் பார்சிலோனா வரை அளக்கப் புறப்பட்டனர். போர்ச்சூழலில் அப்பணி ஏழாண்டுகள் நீண்டது. பார்சிலோனாவில் தாம் எடுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமையைக் கண்ட மெஷேன், அதை வெளியே சொல்லாமல் தமக்குள்ளேயே வைத்து வருந்தினார். 1804இல் அவர் இறந்தபின் அவருடைய குறிப்பேடுகளைப் புரட்டிய தெலாம்பரே உண்மையை அறிந்தார். எனினும் 1799இல் வகுக்கப்பட்ட மீட்டர் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறுகிப்போனதற்கு மெஷேனை மட்டும் குறைகூறுதல் முறையன்று. பூமியின் வடிவமே அவர்கள் கருதியது போல் ஒழுங்கானதாக இல்லை. பூமியை மீண்டும் மீண்டும் அளந்து மீட்டரை மாற்றிக்கொண்டே இருக்க இயலாதாகையால், வார்த்து வைத்த பிளாட்டினக் கோலே மீட்டர் எனக் கொள்ளப்பட்டது. இயற்கையைத் தேடிச் சென்றவர்கள் மீண்டும் ஒரு பொருளிடமே வந்து நின்றார்கள்.

1875 மே 20 அன்று 17 நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 1889இல், பிளாட்டினம் 90 விழுக்காடும் இரிடியம் 10 விழுக்காடும் கலந்த உருளையொன்று பன்னாட்டுக் கிலோகிராமாக ஏற்கப்பட்டது. அதன் உயரமும் விட்டமும் ஏறக்குறைய 39 மில்லிமீட்டர்தாம். கண்ணாடிக் கூடுகளுக்குள் வைத்து, மூன்று சாவிகளால் திறக்கும் பெட்டகத்தில் அதைப் பூட்டினர். அதன் படிகள் பல நாடுகளுக்கு வழங்கப்பட்டன. மிக அரிதாகவே மூல உருளை வெளியே எடுக்கப்பட்டது. அப்போதும் மென்தோலால் துடைத்து, நீராவியால் கழுவிய பின்னரே எடை பார்த்தனர்.

ஒரு நூற்றாண்டுக்குப்பின் நடந்த ஒப்பீட்டில் வியப்பான செய்தி வெளிப்பட்டது. மூல உருளைக்கும் அதன் படிகள் பலவற்றுக்கும் இடையே 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு தோன்றியிருந்தது. அஃது இரண்டு கோடியில் ஒரு பங்கு. அரிசிக் கடைக்கு ஒரு பொருட்டன்று. ஆனால் மாறியது எது? படிகள் கனத்தனவா, மூல உருளை இளைத்ததா? இதற்கு விடை காண வழியில்லை. வரையறைப்படி அவ்வுருளையே ஒரு கிலோகிராம். அது தேய்ந்தாலும் ஒரு கிலோகிராமாகவே இருக்கும். உலகிலுள்ள ஏனைய பொருள்கள் யாவும் கனத்துவிட்டன என்றுதான் சொல்லவேண்டும்!

மீட்டர் இச்சிக்கலிலிருந்து முன்னரே விடுபட்டிருந்தது. 1983 முதல், ஒளி வெற்றிடத்தில் ஒரு நொடியின் 299792458இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தொலைவே மீட்டர். கிலோகிராமுக்கு அத்தகைய வழியை அமைத்தவர்களுள் ஆங்கிலேய அறிவியலாளர் பிரையன் கிப்பிள் குறிப்பிடத்தக்கவர். அவர் 1975இல் முன்மொழிந்த தராசில் எடைக்கு எதிராக வேறு எடை வைப்பதில்லை; காந்தப்புலத்திலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதனால் எழும் விசையைக்கொண்டே எடையைச் சமன் செய்கின்றனர். அம்மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் குவாண்டம் விளைவுகளின் துணையால் அளக்கும்போது, நிறையைப் பிளாங்க் மாறிலியோடு தொடர்புபடுத்த முடிகிறது.

2018 நவம்பர் 16 அன்று வெர்சேல்ஸ் நகரில் கூடிய மாநாட்டில் உறுப்பு நாடுகள் வாக்களித்தன. பிளாங்க் மாறிலியின் மதிப்பு 6.62607015 × 10⁻³⁴ ஜூல் நொடி என நிலைநிறுத்தப்பட்டு, கிலோகிராம் அதிலிருந்து வரையறுக்கப்பட்டது. மீட்டர் உடன்படிக்கை கையெழுத்தான அதே மே 20 அன்று, 2019இல், புதிய வரையறை நடைமுறைக்கு வந்தது. உரிய கருவியும் திறனும் உடைய எந்த நாடும் இன்று செவ்ருக்குச் செல்லாமலேயே கிலோகிராமைத் தன் ஆய்வகத்தில் உருவாக்கிக்கொள்ளலாம்.

பழைய உருளை இன்றும் அதே பெட்டகத்தில்தான் இருக்கிறது. 130 ஆண்டுகள் பிறவற்றுக்கு எடை சொன்ன அதன் நிறையையும் இப்போது அளந்துதான் அறியவேண்டும்.