மாயாவி ரீவியில் வந்தவனா?

கேள்வி: வீடு திருத்துவதற்காக அப்பப்பாவின் றங்குப் பெட்டியை இறக்கியபோது, உள்ளே பதினொரு படக்கதைப் புத்தகங்கள் கிடந்தன. பெரும்பாலும் இரும்புக்கை மாயாவி. சிலவற்றுக்கு அட்டையே இல்லை. அப்பாவும் சித்தப்பாவும் பள்ளிக்கூடம் போன காலத்தில் சேர்த்தவையாம். "உது லண்டன் ரீவியில போன உளவாளித் தொடர், அவெஞ்சர்ஸ் மாதிரி. அதைப் பார்த்துத்தான் புத்தகமா அடிச்சவங்கள்" என்கிறார் லண்டனில் இருக்கும் சித்தப்பா. "அவனுக்கு என்ன தெரியும், உது சிவகாசிக்காரர் எழுதினது" என்கிறார் அப்பா. எழுதியவர், வரைந்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. யார் சொல்வது சரி? இவற்றை விற்றால் காசு வருமா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: தம்பி, 'சிரித்திரன்' சஞ்சிகையில் கேள்வி-பதில் எழுதிய மகுடியாரிடம் இந்தக் கேள்வி போயிருந்தால் ஒரே வரியில் அப்பாவையும் சித்தப்பாவையும் மடக்கிவிட்டு அடுத்த கடிதத்தை எடுத்திருப்பார். எனக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. பத்து வயதில் பிடித்த மாயாவிப் பைத்தியம் இன்னும் விட்டபாடில்லை. ஆகவே பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருவர் சொல்வதும் பிழை. ஆனால் சித்தப்பாவின் பிழைக்குள் ஒரு விஷயம் இருக்கிறது.

மாயாவி பிறந்தது காகிதத்தில்தான். லண்டன் பிளீற்வே நிறுவனம் சிறுவர்களுக்காக 'வலியன்ற்' என்ற வாராந்தப் படக்கதை இதழைத் தொடங்கியது. முதல் இதழின் திகதி 1962 ஒக்ரோபர் 6. அதில் தொடங்கிய 'ஸ்டீல் க்ளோ' என்ற தொடர்தான் நம்முடைய மாயாவி. திகதியைக் கவனியுங்கள். அதற்கு முதல் நாள்தான் லண்டனில் முதலாவது ஜேம்ஸ்பொண்ட் படமான 'டொக்டர் நோ' திரையிடப்பட்டது. பீற்றில்ஸின் முதல் இசைத்தட்டும் அதே நாள் வெளிவந்தது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாத செய்தி, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கதாநாயகன் லூயிஸ் கிராண்டல், ஆய்வுகூட உதவியாளன். வலக்கை போனவன், உருக்குக் கை பொருத்தியிருப்பான். உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுவதும் மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இது நீங்கள் வாசித்ததுதான். ஆனால் தொடக்கத்தில் கிராண்டல் உளவாளியாக இருக்கவில்லை. சுத்தமான கள்ளன். மறைந்து போய்க் கொள்ளையடித்தான், நியூயோர்க் நகரையே குண்டு வைத்துத் தகர்ப்பேன் என்று மிரட்டினான். கென் புல்மர் என்ற விஞ்ஞானக் கதை எழுத்தாளர்தான் முதலில் எழுதியவர். பிறகு ரொம் ரலி எழுதினார். கள்ளன் மெல்ல மெல்லத் திருந்தி, 1960களின் நடுப்பகுதியில் 'நிழல் படை' என்ற இரகசிய அமைப்பின் ஆள் ஆனான். விரலில் துப்பாக்கி முளைத்ததும் அதற்குப் பிறகுதான்.

திருந்தியதற்குக் காரணம் மனச்சாட்சி மட்டும் என்று நான் நம்பவில்லை. அந்த ஆண்டுகளில் இங்கிலாந்தில் எதைத் தொட்டாலும் உளவாளி. இங்கேதான் சித்தப்பாவின் ரீவி வருகிறது.

கிராண்டலுக்கு நான்கு ஆண்டு முந்தி, 1958இல், ரால்ஃப் ஸ்மார்ட் என்பவர் 'இன்விசிபிள் மேன்' என்ற தொடரை இங்கிலாந்துத் தொலைக்காட்சிக்குத் தயாரித்தார். எச். ஜி. வெல்ஸின் நாவலிலிருந்து எடுத்தது தலைப்பையும் மறையும் மனிதனையும் மட்டும்தான். இவருடைய ஆள் ஆய்வுகூட விபத்தில் மறைந்துபோய், அரசாங்கத்துக்காக இரகசிய வேலைகள் செய்கிற விஞ்ஞானி. ஆய்வுகூட விபத்து, மறையும் உடம்பு, உளவு வேலை. உங்கள் சித்தப்பா அவெஞ்சர்ஸையும் இதையும் எங்கோ ஒன்றாகக் குழைத்துவிட்டார் என்று நினைக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொடரில் மறைந்த மனிதனாக நடித்தவர் யார் என்று படத்தில் போடவே இல்லை. பெயரை மறைத்ததே விளம்பரமாகிவிட்டது. குரல் கொடுத்தவர் ரிம் ரேணர் என்பது பிற்பாடு தெரிந்தது. தலையில்லாத கோட்டு நடந்து வரும் காட்சிகளுக்குக் குள்ளமான ஒருவரைக் கோட்டுக்குள் நிறுத்தி, துணிக்குள்ளிருந்தே வழி பார்த்து நடக்கவிட்டார்கள். ஆளில்லாமல் கார் ஓட வேண்டுமென்றால் சாரதி ஆசனத்தைக் குடைந்து அதற்குள் ஒருவரை ஒளித்தார்கள். கோப்பை தானாக எழும்பினால் அதன் மேல் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். கொமிக்ஸில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உடம்பை வரையாமல் விட்டால் போதும்.

அதே ஸ்மார்ட் 1960இல் 'டேஞ்சர் மேன்' தொடரை உருவாக்கினார். அதில் நடித்த பற்றிக் மக்கூகன் குடும்பத்தோடு பார்க்கிற ரீவியில் காதல் காட்சியில் நடிக்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவர். பொண்ட் வேடம் தேடி வந்தபோதும் வேண்டாம் என்றார். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவெஞ்சர்ஸ் தொடங்கியது. அதன் கதாநாயகன் ஒரு டொக்டர். இன்று எல்லோரும் நினைத்துக்கொள்கிற தொப்பிக்காரர் ஸ்ரீட் அப்போது பக்கத்தில் நின்றவர்தான். நடிகர்களின் வேலைநிறுத்தம் ஒன்று இடையில் வந்து படப்பிடிப்பு நின்றது. அதோடு டொக்டராக நடித்தவர் விலகினார். அவருக்காக எழுதி வைத்த கதைகளில் சிலவற்றை, வசனங்களைப் பெரிதாக மாற்றாமல், ஒனர் பிளாக்மன் என்ற நடிகையின் கையில் கொடுத்தார்கள். ஆணுக்கு எழுதிய வசனத்தைப் பேசி, யூடோ போட்டு ஆண்களைத் தூக்கி எறிகிற பெண் ரீவியில் வந்தது இப்படித்தான். திட்டம் போட்டுச் செய்தார்களோ, கதை கையிருப்பைத் தீர்க்கச் செய்தார்களோ, விளைந்தது நல்லது. முதல் தொடரின் 26 பகுதிகளில் இன்று முழுதாக மிஞ்சியிருப்பவை மூன்றுதான். பேணி வைக்க வேண்டிய பொருள் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் றங்குப் பெட்டி அந்த ரீவி நிலையத்தை விடப் பொறுப்பாக இருந்திருக்கிறது.

இந்த அலையில்தான் 1963 மே மாதம் லண்டன் 'ஈவினிங் ஸ்ராண்டர்ட்' பத்திரிகையில் மாடஸ்டி பிளைஸி தொடங்கியது. உங்கள் பதினொன்றில் மாடஸ்டி ஒன்றாவது இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அதன் கதாசிரியர் பீற்றர் ஒடொனல் 1942இல் வட பாரசீகத்தில் படைச் சிப்பாயாக இருந்தவர். ஒருநாள் அவர்களுடைய முகாம் வழியே பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க அகதிப் பிள்ளை ஒன்று தனியாக நடந்து வந்தது. வெறுங்கால். கழுத்தில் கயிற்றில் தொங்கியது ஆணி கட்டிய ஒரு தடி. அதுதான் அவளுடைய ஆயுதம். சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டாள், கிண்ணத்தைக் கழுவி வைத்தாள், ஒரு சிரிப்புச் சிரித்தாள், போய்விட்டாள். இருபது ஆண்டு கழித்து, ஆணுக்குச் சமமாக நிற்கிற பெண் உளவாளி ஒருத்தியை எழுத வேண்டி வந்தபோது ஒடொனலுக்கு அந்தப் பிள்ளை நினைவு வந்தாள். மாடஸ்டியின் சிறுபராயம் அதுதான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலம் கடந்தவர்களுக்கு அவளைப் பற்றி இதற்கு மேல் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பெயர் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். சிவகாசியார் மறைத்தது என்று நினைக்க வேண்டாம். லண்டன் இதழிலேயே பெயர் போடுவதில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்துச் சிறுவர் இதழ்களின் வழக்கம் அது. வாரம் தவறாமல் வாசித்த ஆங்கிலப் பிள்ளைக்கும் அந்தக் கையை வரைந்த கை யாருடையது என்று தெரியாது. வரைந்தவர் ஆங்கிலேயரும் அல்ல. பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919இல் பிறந்தவர், இளம் வயதிலேயே ஸ்பெயினில் பெயர் எடுத்தவர். தம்பிமாரும் கைகொடுக்க வீட்டிலிருந்தே வரைந்து லண்டனுக்கு அனுப்பினார். 1982இல் இத்தாலியின் லூக்கா விழாவில் அவருக்கு விருது கிடைத்தது. 1995இல் காலமானார்.

புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முகங்களில் பாதி இருட்டு, பாதி வெளிச்சம். சுவரில் விழும் நிழல் எந்தப் பக்க விளக்கால் வருகிறது என்று சொல்லிவிடலாம். உடம்பு இல்லாத இடத்திலும், அந்தக் கையின் சாய்வை வைத்தே ஆள் ஓடுகிறானா, களைத்து நிற்கிறானா என்று தெரியும். பொம்மை போடுகிறவர் வேலை அல்ல அது, ஒளிப்படக்காரன் கண். இன்னொன்றையும் பாருங்கள். சில புத்தகங்களில் இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை மாயாவி சாகக் கிடப்பான், அடுத்த படத்திலேயே தப்பிவிடுவான். சின்ன வயதில் இது எனக்குப் பெரிய புதிர். வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கமாக வந்ததை ஒட்டுப்போட்டுப் புத்தகமாக்கினால் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு சாவும் ஒரு வார முடிவு.

இனி அப்பாவின் சிவகாசி. 1972இல் மு. சௌந்திரபாண்டியன் அங்கே முத்து கொமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. ஆசிரியர் முல்லை தங்கராசன். பிளீற்வேயிடம் உரிமை பெற்றுத் தமிழாக்கியவை அவை. எழுதினார்கள் என்று அப்பா சொல்வது பிழை, ஆனால் பெயர் வைத்தார்களே, அதற்கு ஒரு கும்பிடு போடலாம். மூலத்தில் இருப்பது உருக்கு நகம். அதை அப்படியே போட்டிருந்தால் எங்கள் ஊரில் யார் காசு கொடுத்திருப்பார்கள்? நகத்தைக் கையாக்கி, உருக்கை இரும்பாக்கி, மாயாவி என்று அம்புலிமாமா வாசம் கலந்த ஒரு சொல்லையும் சேர்த்தார்கள். 'பாதாள நகரம்', 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்' என்று தலைப்புகளைக் கேட்டாலே இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். 1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் லயன் கொமிக்ஸைத் தொடங்கி மாடஸ்டியை முதலில் போட்டார். அதே மாதம் ராணி கொமிக்ஸ் ஜேம்ஸ்பொண்டுடன் வந்தது. ராணிக்காரர் நீச்சலுடைப் பெண்களுக்குக் கறுப்பு மையால் சட்டை தைத்துப் போட்டார்கள். மக்கூகன் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். நாங்கள் மெச்சவில்லை.

1970களில் இந்திய சஞ்சிகைகள் இங்கே வருவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. ஆகவே எங்களுக்கு மாயாவி கடைக்கு வருவதை விட ஆட்களின் பையில் வந்ததுதான் அதிகம். தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பலில் போய்வந்த யாரோ ஒருவரின் சாறிப் பொதிக்குள் ஒன்று இருக்கும். அது ஊருக்குள் வந்தால் முப்பது வீடு சுற்றும். எங்கள் ஒழுங்கையில் ஒரு மாயாவிக்கு விலை இரண்டு 'அம்புலிமாமா', அட்டை இல்லாவிட்டால் ஒன்று. எனக்கு முதல் கிடைத்ததில் கடைசி நான்கு பக்கம் இல்லை. முடிவு தெரிய ஆறு ஆண்டு காத்திருந்தேன். இடையில் நானே மூன்று முடிவு எழுதி வைத்திருந்தேன். புத்தகத்தின் முடிவு அவற்றில் இரண்டை விட மோசம்.

லண்டன் பிள்ளைகள் ரீவியில் ஸ்ரீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இலங்கையில் ரீவியே கிடையாது. 1979இல்தான் கொழும்புப் பக்கம் முதல் நிலையம் வந்தது, 1982இல் ரூபவாஹினி. ஆகவே அந்த உளவாளி அலை குடாநாட்டுக்கு வந்தது திரை வழியாக அல்ல. பத்துப் பதினைந்து ஆண்டு பிந்தி, மட்டமான தாளில், தமிழ் பேசிக்கொண்டு வந்தது. அதனால் எங்களுக்கு அது ஆங்கிலேயச் சரக்காகப் படவே இல்லை. 1990க்குப் பிறகு மின்சாரம் போய், புதுப் புத்தகம் வருவதும் நின்ற ஆண்டுகளில், இதே பழைய பிரதிகளை ஜாம் போத்தல் விளக்கில் எங்கள் வீட்டுச் சின்னப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைவான் என்ற இடத்தில் ஒரு வாண்டு கேட்டது: "அப்ப எங்கட ஊருக்கு வந்தா அவனுக்கு மறையவே ஏலாது, என்ன மாமா?"

விற்பனை. அட்டை இல்லாத பிரதிக்கு சேகரிப்பாளர் நல்ல விலை தரமாட்டார். அட்டையோடு 1970களின் முதற்பதிப்பு இருந்தால் ஆவலோடு கேட்பார்கள். ஆனால் முதலில் அப்பாவையும் சித்தப்பாவையும் கேளுங்கள், அவர்கள் இருக்கும்போது நீங்கள் விற்பது முறையல்ல. விற்காவிட்டாலும் இரண்டு வேலை செய்யுங்கள். நடுவிலுள்ள கம்பிகள் கறள் பிடித்திருக்கும். மெதுவாகக் கழற்றிவிட்டு வெள்ளை நூலால் தையுங்கள். கிழிசலுக்கு செலோரேப் ஒட்டவே வேண்டாம், ஐந்தே ஆண்டில் அது தாளை மஞ்சளாக்கித் தின்றுவிடும். றங்குப் பெட்டிக்குள் இராமபாணம் பூராமல் இருக்கக் காய்ந்த வேப்பிலை போதும்.

கடைசியாக ஒன்று. "பெரும்பாலும்" மாயாவி என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவை எவை? ஸ்ரெல்லா என்ற காரியதரிசி வருகிற புத்தகம் இருந்தால் அது ஜானி நீரோ. பிளீற்வே 1967இல் இரகசிய உளவாளிகளுக்கென்றே வெளியிட்ட சிறு புத்தக வரிசையில் வந்தவன். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு போஸ்ட்காட் போடுங்கள், அடுத்த பஸ்ஸிலேயே சுன்னாகத்துக்கு வருகிறேன். கடைசி நான்கு பக்கமும் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.